பாலை விட்ட பிறகுதான் தேயிலையின் ருசி தெரிந்தது: நீங்கள் எப்படிக் குடிக்கிறீர்கள்?

ஈசூன்வாசி
சனி, காலை 7:52

முப்பது வருடமாக எனக்குக் காலை என்றால் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடையில் ஒரு தே, அதாவது தேநீர். கிளாஸின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கண்டென்ஸ்ட் பால், மேலே தேயிலைச் சாயம், கரண்டியால் நாலு சுற்று. நான் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே கடைக்காரம்மா கிளாஸை எடுத்துவிடுவார்.

போன வருடம் இரத்தப் பரிசோதனை செய்தபோது நீரிழிவுக்கு முந்திய நிலை என்று சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தே என்று டாக்டர் கேட்டார். நாலு என்றேன். அன்றிலிருந்து தே-ஓ கோசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. முதல் இரண்டு வாரம் கசாயம் மாதிரி மடமடவென்று விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

பிறகு ஒரு நாள் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனபோது அங்கே ஒரு கடையில் அதே தே-ஓ கோசோங் கேட்டேன். வாயில் வைத்ததும் கொஞ்சம் நின்றுவிட்டேன். நாக்கின் இரு ஓரத்திலும் ஒரு துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் லேசான இனிப்பு. சீனி ஒரு மணி கூட இல்லை. வீட்டுக்குக் கீழே குடிப்பதில் இந்த ருசி வந்ததே இல்லை. சாயம் வெகுநேரம் சூட்டில் கிடந்த வாசனைதான் வரும். இரண்டும் தேயிலைதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் நான் ருசித்தது பாலைத்தான். இது எந்தத் தூள், எங்கே விளைந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அதனால் கேட்கிறேன். நீங்கள் என்ன தூள் வாங்குகிறீர்கள், எப்படிப் போடுகிறீர்கள், எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

பொங்கோல்_அக்கா
சனி, காலை 8:34

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு விதம். மாமியாருக்கு இஞ்சி தட்டிப் போட்ட பால் தே. வீட்டுக்காரருக்குத் தே-ஓ, சீனி குறைவாக. மகளுக்குக் கடையில் வாங்கும் பபிள் டீதான் தேநீர். எனக்கு மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது, ஏலக்காய் ஒன்று நசுக்கிப் போட்டு ஒரு கிளாஸ். அந்த ஒரு கிளாஸை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இஞ்சி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கல்யாணமான புதிதில் கொதிக்கிற பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டேன், பால் திரிந்துவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே அடுப்படிக்கு வந்து, முதலில் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு தூள், கடைசியில் பால் என்று செய்து காட்டினார். இருபத்திரண்டு வருடமாக அந்த வரிசையை மாற்றவில்லை. பாலும் அதன்பின் திரிந்ததில்லை.

சரபத்_பேரன்
சனி, காலை 10:15

ஈசூன் அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். மறு பாதிக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

என் தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவர். வாட்டர்லூ ஸ்திரீட்டில் சரபத் கடைகள் என்ற தெருவோரத் தேநீர்க் கடைகள் வரிசையாக இருந்த காலத்தில் அங்கே தே ஆற்றினார். தெருக்கடைகளை எல்லாம் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியபோது அவரும் மாறினார். அப்புறம் என் அப்பா. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் பள்ளி விடுமுறை எல்லாம் எனக்கு அந்தக் கடையில்தான்.

டின் பால் எதற்கு வந்தது என்று யோசியுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத காலம், இந்த ஊர் வெயில். காலையில் கறந்த பால் மத்தியானம் தாங்காது. கண்டென்ஸ்ட் பாலில் எடைக்கு ஏறக்குறைய பாதி சீனி. அந்தச் சீனிதான் அதைக் கெடாமல் வைத்திருக்கிறது. கப்பலில் மூட்டை தூக்கியவருக்கும் படகில் துடுப்புப் போட்டவருக்கும் அது தெம்பும் கொடுத்தது. அந்தப் பாலுக்கு ஈடுகொடுக்கத்தான் சாயத்தை இவ்வளவு கடுப்பமாக இறக்கினார்கள். மெல்லிய சாயத்தில் டின் பாலை ஊற்றினால் பாயசம்தான் கிடைக்கும்.

தே தாரிக்கை வேடிக்கை காட்டுவதற்காக ஆற்றுவதாகச் சுற்றுப்பயணிகள் நினைக்கிறார்கள். 'தாரிக்' என்றால் மலாயில் இழுப்பது. நாம் ஆற்றுவது என்கிறோம். நம் சொல்லில் சூடு தணிவதும் சேர்ந்திருக்கிறது. உயரத்திலிருந்து விழும்போது காற்று உள்ளே போகிறது, பால் அந்தக் காற்றைப் பிடித்து நுரையாக வைத்துக்கொள்கிறது, அடியில் கிடக்கும் பாலும் ஒரு சீராகக் கலந்துவிடுகிறது. கரண்டியால் கலக்கினால் அந்த வழவழப்பு வராது.

தாத்தா எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று இருக்கிறது. கையைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள் என்பார். முதல் தடவை ஊற்றும்போது சளசளவென்று தண்ணீர் விழுகிற சத்தம். மூன்றாவது தடவையில் சத்தம் தடிக்கும். ஐந்தாவதில் நுரை ஏறி, சத்தம் பஞ்சில் விழுந்த மாதிரி அமுங்கிவிடும். அந்த நொடி கிளாஸில் ஊற்றிவிட வேண்டும். அதற்குமேல் ஆற்றினால் தே ஆறிப்போகும். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாது.

உடம்புக்கு ஆகாதென்றால் விட்டுவிடுங்கள், அது சரி. பாலின் ருசி என்று மட்டும் அதைத் தள்ளிவிடாதீர்கள். அது தேயிலை, பால், கை மூன்றும் சேர்ந்த ருசி.

ஈசூன்வாசி
சனி, காலை 10:41

சத்தத்தைக் கேட்டு ஆற்றுவதை இதுவரை கேள்விப்பட்டதில்லை. நாளைக்குப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்கப் போகிறேன். உங்கள் பதிலை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. 'பாலைத்தான்' என்று நான் எழுதியது அவசரம்.

புதுசா_வந்தவன்
சனி, பகல் 12:20

வணக்கம். திருச்சியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. கடையில் நின்று டீ கேட்பதற்குள் வியர்த்துவிடுகிறது. சர்க்கரை வேண்டாம் என்பதற்காக 'தே கோசோங்' என்றேன், இனிப்பாகவே வந்தது. பின்னால் வரிசை நிற்பதால் திருப்பிக் கேட்கவும் கூச்சம். யாராவது ஒரு தடவை புரியும்படி சொல்ல முடியுமா?

பொங்கோல்_அக்கா
சனி, பகல் 12:48

கூச்சப்படாதீர்கள் தம்பி, எல்லாருக்கும் முதல் மாதம் அப்படித்தான். இங்கே வெறும் 'தே' என்றாலே கண்டென்ஸ்ட் பால் உள்ளே இருக்கும். கோசோங் என்றால் மலாயில் வெறுமை, சீனி போடாதே என்று பொருள். கடைக்காரர் தனியாகச் சீனி போட்டிருக்க மாட்டார், ஆனால் பாலிலேயே இனிப்பு இருக்கிறதே. அதனால் பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் 'தே-சி கோசோங்' என்று சொல்லுங்கள். அதில் எவாப்பரேட்டட் பால், இனிப்பில்லாதது. 'சி' என்பது கார்னேஷன் பால் டின்னின் முதலெழுத்து என்பார்கள், ஹைனான் சீனர்கள் சொல் என்றும் சொல்வார்கள். பாலே வேண்டாம் என்றால் 'தே-ஓ'. 'ஓ' என்றால் ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. தே-ஓவில் சீனி உண்டு, அதுவும் வேண்டாம் என்றால் 'தே-ஓ கோசோங்'. இனிப்புக் குறைவாக என்றால் 'சியூ டை', கடுப்பமாக என்றால் 'காவ்', ஐஸ் போட்டு என்றால் 'பெங்', இஞ்சி என்றால் 'ஹாலியா'. கட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளாஸில் ஊற்றிவிடுவார்கள்.

தேநீர்ப் பையைக் கிளாஸில் தொங்கவிட்டுக் கொடுப்பதற்குச் சீனக் கடைகளில் 'தியாவ் ஹீ' என்று பெயர். மீன் பிடிப்பது என்று பொருள். நூலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறோம் இல்லையா, அதனால்.

புதுசா_வந்தவன்
சனி, பகல் 1:05

அக்கா, இப்போதே போய்த் 'தே-சி கோசோங் காவ்' கேட்டேன். ஒரே தடவையில் சரியாக வந்தது. ரொம்ப நன்றி.

தெலுக்பிளாங்கா_டீச்சர்
சனி, மாலை 4:10

வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஈசூன் ஐயாவின் கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பச்சைத் தேநீர், ஊலோங், நாம் குடிக்கும் கறுப்புத் தேநீர் எல்லாம் ஒரே செடி. கமேலியா சினென்சிஸ். பறித்த இலையைக் கசக்கினால் அதன் சாறு காற்றோடு சேர்ந்து பழுப்பாகும், வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பது போல. அதை உடனே சூடுகாட்டி நிறுத்தினால் பச்சை, பாதியில் நிறுத்தினால் ஊலோங், முழுக்க விட்டால் கறுப்பு. அந்தத் துவர்ப்பு பாலிஃபீனால்களிலிருந்து வருகிறது. பாலிலுள்ள கேசின் புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், அதனால் நாக்கில் துவர்ப்பு குறையும். ஐயா பாலை நிறுத்தியதும் துவர்ப்பை உணர்ந்ததற்குக் காரணம் அதுதான். சரபத் தம்பி சொன்னதும் சரி. பால் துவர்ப்பை விழுங்கும் என்பதால்தான் பால் தேநீருக்கு வேகமாகச் சாயம் இறங்கும் பொடித் தூள் வேண்டும்.

கடைச் சாயம் ஏன் காய்ந்த வாசனை வருகிறது? தேயிலையின் மணம் எளிதில் ஆவியாகிவிடும். சாயம் சூட்டிலேயே கிடந்தால் மணம் போய்விடும், கசப்பு ஏறும். தேநீர் சுவைப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தர அளவே இருக்கிறது. 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அது தூள்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. குடிப்பதற்கு மூன்று நான்கு நிமிடம் போதும். கறுப்புத் தேநீருக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர், பச்சைத் தேநீருக்கு 80 டிகிரிக்கு மேல் போகாமல்.

ஒன்றை மட்டும் அக்கறையோடு சொல்லவேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்காதீர்கள். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். சைவமாகச் சாப்பிடும் பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். என் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு இரத்தச் சோகை என்று பிறகு தெரிந்தது. மூன்று வேளையும் சோற்றோடு தே குடித்துவந்தாள். அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டடவேலை_மன்னார்குடி
சனி, இரவு 9:37

இந்தப் பேச்சைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. விடுதியில் நாங்கள் பதினோரு பேர் ஓர் அறையில். காலை 4:30க்கு எழுவோம். லாரி 5:45க்கு. அந்த இடைவெளியில் சமையல்கூடத்தில் அடுப்புக்கு வரிசை. சோறு ஆக்குபவர்கள் ஒரு பக்கம், எங்கள் டீ ஒரு பக்கம். எங்கள் அறையில் டீ போடுவது நான்தான். ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் இரண்டு வருடம் கிளாஸ் கழுவினேன், மாஸ்டர் போடுவதைப் பார்த்தே பழகிக்கொண்டேன்.

தூள் ஊரிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் வாங்குவோம். டஸ்ட் தூள்தான், நீலகிரியில் விளைந்தது. பால் பெட்டிப் பால். பதினோரு பேருக்கு ஒரு லிட்டர் பால், முக்கால் லிட்டர் தண்ணீர். பெரிய பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு போவோம். வேலையிடத்தில் 10 மணிக்குத் திறப்போம். மூடியைத் திருகும்போது அந்த ஆவி முகத்தில் அடிக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியிலேயே ஒருவர் மாற்றி ஒருவர் குடிப்போம். வங்காளதேசத்துத் தோழர்கள் இரண்டு பேர் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் சா என்பார்கள், நாங்கள் டீ என்போம்.

முன்னால் வேலை பார்த்த ஓர் இடத்தில் பத்து மணி இடைவேளையைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள். சம்பளம் குறைந்ததுபோல மனசு கனத்தது. பிறகு திரும்பக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை அன்றைக்குத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

சரபத்_பேரன்
சனி, இரவு 9:58

அண்ணா, பதினோரு பேருக்கு அந்த நேரத்தில் எழுந்து போடுவது லேசான காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வந்தால் சொல்லுங்கள், என் கணக்கில் ஒரு தே.

காப்பிக்கட்சி
சனி, இரவு 10:20

நான் காப்பிக்காரன். ஆனால் காய்ச்சல் வந்தால் என் மனைவி தே-ஓவில் எலுமிச்சை பிழிந்து தருவார். அதற்குப் பக்கத்தில் எந்தக் காப்பியும் நிற்காது.

கொழுந்து
ஞாயிறு, காலை 6:30

ஈசூன் ஐயா, எங்கே விளைந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ராத்திரி கொஞ்ச நேரம் தூங்காமல் இருந்தேன்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இங்கே ஏழு வருடமாகத் தாதியாக வேலை. அம்மா முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தார். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். அதற்கு முன்னால் அந்த மலையெல்லாம் கோப்பி. இலைநோய் வந்து கோப்பி அழிந்தபிறகு தேயிலை பரவியது. கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து காட்டுவழியாக நடந்தே மலையேறியவர்கள்தான் எங்கள் முன்னோர்.

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 18 கிலோ. அது நிறையாவிட்டால் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். இரண்டு இலையும் ஒரு மொட்டும், அதற்குக் கீழே உள்ள முற்றிய இலை வந்தால் நிறுக்கும் இடத்தில் கழித்துவிடுவார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தூள். 18 கிலோவுக்கு 4 கிலோ. டீச்சர் சொன்ன 2 கிராம் கணக்கில் பார்த்தால் அம்மா ஒரு நாளில் பறித்தது 2,000 கோப்பைத் தேத்தண்ணி. இந்தக் கணக்கை நேற்று ராத்திரிதான் முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் நாங்கள் குடித்தது வெறுந்தேத்தண்ணி. சீனியைக் கோப்பையில் போடமாட்டோம். இடது உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நாக்கால் தொட்டுத் தொட்டு ஒரு மிடறு. அப்படிக் குடித்தால் ஒரு தேக்கரண்டிச் சீனியில் இரண்டு கோப்பை போகும். சீனி விலை கூடிய காலத்துப் பழக்கம், ஆனால் இன்னும் எனக்கு அதுதான் ருசி. அம்மாவின் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் கோப்பையை நீட்டும்போது முதலில் மணப்பது பச்சைக் கொழுந்து, பிறகுதான் தேத்தண்ணி.

தூள் வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பால் இல்லாமல் குடிப்பதென்றால் 'பிஓபி' என்று போட்டிருக்கும் உடைத்த இலையை வாங்குங்கள், டஸ்ட் வேண்டாம். டஸ்ட் நொடியில் கறுத்துவிடும், பால் இல்லாத வாய்க்கு அது முரடு. எங்கள் பக்கம் டிம்புள்ள, அங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை பறிப்பது நல்லது. மலைக்கு அந்தப் பக்கம் ஊவா, அங்கே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும், அந்த மாதங்களில் பறித்த இலையில் புதினா போல ஒரு குளுமை இருக்கும். நுவரெலியா மிக மெல்லிசு, வெளிர் நிறம், அதைப் பாலில் போட்டு வீணாக்காதீர்கள். வாங்கிய தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாமல் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் திறந்த பொட்டலம் ஒரு மாதம் தாங்காது.

ஈசூன்வாசி
ஞாயிறு, காலை 7:15

அம்மா, காலையில் தே-ஓவை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். குடிக்க எடுத்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன். 2,000 கோப்பை. நான் ஒரு நாளைக்கு நாலு குடிக்கிறேன். எனக்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேல் வரும். உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

கொழுந்து
ஞாயிறு, காலை 7:40

ஓய்வெடுத்துவிட்டார் ஐயா. முழங்கால் வலிதான். இப்போதும் காலையில் முதல் கோப்பை அவர் கையால்தான் போடுவார், யாரையும் விடமாட்டார்.

மாஸ்க்_ஸ்திரீட்_நடையன்
ஞாயிறு, பகல் 11:25

சீனத் தேநீர் பற்றி யாரும் எழுதவில்லையே. என்னோடு வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் தியோசூச் சீனர். பக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பெயரில் தே இருக்கிறது, சூப்பில் தேயிலை கிடையாது. பக்கத்தில் தனியாகத் தேநீர் வருகிறது. மண் கெண்டி என் உள்ளங்கையளவு, கோப்பை இரண்டு மிடறு. முதல் தண்ணீரை இலையில் ஊற்றி உடனே கொட்டிவிட்டார். அடுத்தது இருபது நொடி, அதற்கடுத்தது கொஞ்சம் அதிகம். ஒரே இலையில் ஆறு தடவை. தடவைக்குத் தடவை ருசி மாறியது. மூன்றாவதுதான் மணத்தின் உச்சி.

தியேகுவான்யின் என்ற ஊலோங், ஃபூஜியான் மாநிலத்து ஆன்சியிலிருந்து வருவது. பிறகு மாஸ்க் ஸ்திரீட்டில் பெக் சின் சூன் கடைக்குப் போய் வாங்கினேன். 1925இலிருந்து இருக்கிற கடை. பக் குட் தே கடைகள் பலவற்றுக்கு அவர்கள்தான் இலை கொடுக்கிறார்கள். காகிதத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துத் தருவார்கள், ஒரு கெண்டிக்கு ஒரு பொட்டலம்.

அந்த மூத்தவரிடம் கேட்டுத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. 'தே' என்பது ஃபூஜியான் கடற்கரைச் சொல். ஹொக்கியனிலும் தே, தியோசூவிலும் தே. கப்பலேறி மலாய்க்கு வந்தது. நம் தேயிலையிலும் தேத்தண்ணியிலும் இருப்பது அதே தே. மன்னார்குடி நண்பரின் வங்காளதேசத் தோழர்கள் சொல்லும் சா, கேரளத்துச் சாயா எல்லாம் சீனத்தின் 'சா' பக்கத்து உறவு. இங்கே காப்பிக்கடையில் சீனரும் மலாய்க்காரரும் நாமும் ஒரே சொல்லைச் சொல்லித்தான் கேட்கிறோம். அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பொங்கோல்_அக்கா
ஞாயிறு, பகல் 2:05

சீனியைப் பற்றிப் பேசியதால் ஒன்று. 2023 டிசம்பர் 30இலிருந்து கடையில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் என்ற எழுத்துத் தரக் குறியீடு வந்துவிட்டது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் சீனியைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. மகளின் பபிள் டீக்கு நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன். விலைப்பட்டியலில் டி என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு அவளே 25 விழுக்காடு இனிப்புக்கு இறங்கிவிட்டாள்.

ஈசூன்வாசி
மூன்று வாரம் கழித்து, சனி, காலை 9:20

எல்லாரும் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தேக்காவில் ஊவா பிஓபி ஒன்றும் நீலகிரி ஒன்றும் வாங்கினேன். வீட்டில் மூன்று ஒரே மாதிரிக் கோப்பை, சமையல் தராசில் 3 கிராம், நாலு நிமிடம். மூன்றாவது கோப்பையில் இதுவரை வீட்டிலிருந்த பழைய தூள். மனைவியைக் கண்ணை மூடிக் குடிக்கச் சொன்னேன். நீலகிரிக்குப் பூ மணம் என்றார். ஊவாவைக் குடித்துவிட்டுத் தொண்டை குளிர்கிறது என்றார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய தூளைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கண்டென்ஸ்ட் பால் தேதான். அதற்குப் பழைய தூளே சரி என்று அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், சரபத் தம்பிக்காக.

கீழே காப்பிக்கடையிலும் கேட்டேன். முப்பது வருடத்தில் முதல்முறை. என்ன தூள் என்று கேட்டதும் கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டு டின்னைத் திறந்து காட்டினார். முகர்ந்து பார்த்தேன். அருமையான மணம். அப்படியானால் கிளாஸில் ஏன் வரவில்லை? நீ வருவது எட்டு மணிக்கு, நான் சாயம் இறக்குவது ஐந்தரைக்கு என்றார். டீச்சர் சொன்ன விஷயம் அங்கேயே இருந்திருக்கிறது. மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். துணிப்பையிலிருந்து அப்போதுதான் இறங்கிய சாயம், செம்பு நிறம், கிளாஸின் ஓரத்தில் பொன் வளையம். தேக்காவில் குடித்த அதே துவர்ப்பு.

இப்போது தினமும் 5:50க்குக் கீழே இறங்கிவிடுகிறேன்.

கட்டடவேலை_மன்னார்குடி
சனி, இரவு 8:45

அண்ணே, அடுத்த மாதம் எங்களுக்கு ஈசூன் பக்கம் வேலை. லாரி ஆறு மணிக்கே வந்துவிடும். கடை எந்தப் பக்கம்?

ஈசூன்வாசி
சனி, இரவு 8:52

வாங்க தம்பி. தனிமடலில் வழி அனுப்புகிறேன். பிளாஸ்கையும் கொண்டுவாங்க, பதினோரு பேருக்கும் முதல் சாயத்தில் ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறேன்.